அழைப்பிதழில் திவானி எழுத்து: அச்சுக்குக் கொடுக்கும் முன்



கடந்த ஷவ்வாலில் நம் அறக்கட்டளை சார்பில் நடந்த குமரு காரியத்தில் ஐந்து ஜோடிகளுக்கு நிகாஹ் நடந்தது. அதற்கான அழைப்பிதழை நாங்களே அச்சிட்டோம். கரும்பச்சை அட்டை, பொன்னிற எழுத்து. தலைப்பில் சூரா அர்ரூமின் 21ஆம் வசனம், கொடி ஓடுவது போன்ற ஓர் அலங்கார எழுத்தில் இருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் மாஷா அல்லாஹ் சொன்னார்கள். 600 அட்டைகளில் சுமார் 150 வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டன. அதன் பிறகுதான் ஓர் அட்டை மதரஸா ஹஜ்ரத்தின் கைக்கு வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். "செக்ரட்டரி பாய், மீதியை யாருக்கும் கொடுக்காதீங்க" என்றார்.

கணவன் மனைவிக்கிடையே அல்லாஹ் ஏற்படுத்தும் இரண்டு நிஃமத்துகளை அந்த வசனம் சொல்கிறது. ஒன்று மவத்தத், அன்பு. மற்றது ரஹ்மத், இரக்கம். ரஹ்மத் என்ற சொல்லில் வரும் ஹா எழுத்துக்குப் புள்ளி கிடையாது. எங்கள் அட்டையில் அதன் தலைக்கு மேல் சின்னதாக ஒரு புள்ளி உட்கார்ந்திருந்தது. ஹாவின் மேல் புள்ளி வைத்தால் அது 'கா' என்ற வேறோர் எழுத்து ஆகிவிடும், சொல்லும் வேறாகிவிடும். அப்படி எழுதினால் அரபியில் வருவது பிணந்தின்னிக் கழுகு வகை ஒன்றின் பெயர்.

கொடுத்த அட்டைகளை வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கினோம். மறு அச்சுக்கான செலவை நிர்வாகிகள் மூவர் கைப்பணத்திலிருந்து போட்டோம். ஜகாத், சதகா கணக்கில் ஒரு ரூபாயும் எடுக்கவில்லை. அட்டையை வடிவமைத்த தம்பியிடம் கேட்டபோது, "இடம் காலியா இருந்துச்சு. நெட்ல பார்த்த மாதிரிப் படத்துல அழகுக்குப் புள்ளி புள்ளியா வச்சிருந்தாங்க, அதே மாதிரி வச்சேன்" என்றார். அவருக்கு அரபி தெரியாது. தெரியாதவர் மேல் என்ன குற்றம்? புரூஃபைப் பார்த்து "சரி" என்று கையெழுத்துப் போட்டது நாங்கள். அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

அந்தத் தம்பி பார்த்த மாதிரிப் படமும் பொய்யில்லை. புள்ளிகளை அழகுக்காக இறைக்கும் எழுத்துமுறை ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அதன் கதையைத் தெரிந்துகொண்டால், எந்த எழுத்தை எங்கே வைப்பது என்பதில் நமக்குத் தெளிவு வரும்.

திவானி பிறந்த இடம்

நம் ஊர்களில் அழைப்பிதழ், கடைப் பெயர்ப்பலகை, அத்தர் புட்டி, புர்கா கடை பை ஆகியவற்றில் நாம் காணும் வளைந்து நெளிந்த அரபி எழுத்துகளில் பல திவானி வகையைச் சேர்ந்தவை. திவான் என்றால் அரசவை. உதுமானியப் பேரரசின் அரசவைச் செயலகத்தில் 16ஆம் நூற்றாண்டில் வளர்ந்து செழித்ததால் அந்தப் பெயர். சுல்தான் சுலைமானின் ஆட்சிக்காலம் (1520–1566) அதற்குப் பொற்காலம். சுல்தானின் ஆணைப் பத்திரமான ஃபர்மானின் உச்சியில் துக்ரா எனப்படும் அவருடைய முத்திரைக் கையொப்பம் இருக்கும். அதன்கீழ் வரி வரியாகத் திவானி ஓடும்.

இந்த எழுத்தில் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கிக்கொண்டு நிற்கும். வரி இடப்பக்கம் முடியும் இடத்தில் படகின் மூக்கைப் போல மேலே தூக்கி நிற்கும். அரபி இலக்கணப்படி அலிஃப், தால், தால் (புள்ளியுள்ளது), ரா, ஸா, வாவ் ஆகிய ஆறு எழுத்துகளும் தமக்கு அடுத்து வரும் எழுத்தோடு சேரா. திவானியில் அவற்றையும் சில இடங்களில் சேர்த்தே எழுதிவிடுவார்கள். பேனாவைத் தூக்காமல் வேகமாக எழுதும் குமாஸ்தாவின் கை அது. ஆனால் வேகம் மட்டும் காரணமில்லை. எழுத்துகளுக்கிடையே இடைவெளி இல்லாவிட்டால் பின்னால் யாரும் ஒரு சொல்லைச் செருக முடியாது. பழக்கமில்லாதவர் எடுத்தெடுப்பில் படிக்கவும் முடியாது, போலியாக எழுதவும் முடியாது. அரசாங்கப் பத்திரத்துக்கு இவையெல்லாம் தேவையான குணங்கள். இதிலிருந்து வளர்ந்த 'ஜலீ திவானி' இன்னும் ஒரு படி மேலே போய், எழுத்துகளுக்கிடையே மிஞ்சும் வெற்றிடத்தைச் சிறு குறிகளாலும் புள்ளிகளாலும் நிரப்பியது. அவற்றில் பல உச்சரிப்புக்கானவை அல்ல. இடத்தை நிரப்ப வந்தவை.

இப்போது யோசித்துப் பாருங்கள். எல்லோராலும் எளிதில் படிக்க முடியாதபடி வளர்க்கப்பட்ட எழுத்து அது. எல்லோரும் பிழையின்றி ஓதவேண்டிய இறைவசனத்தை அதில் வைத்து அச்சிடுகிறோம். சுல்தானின் குமாஸ்தா எந்தப் புள்ளி எழுத்துக்குரியது, எந்தப் புள்ளி அலங்காரம் என்று அறிந்து எழுதினார். மவுஸைப் பிடித்திருக்கும் கைக்கு அது தெரியாது.

ஓதுவதற்கென்று உள்ள எழுத்து நஸ்கு. நம் வீடுகளில் இருக்கும் முஸ்ஹஃபுகள், இந்திய முறைப் பதிப்பானாலும் ஹாஜிகள் கொண்டுவரும் மதீனா பதிப்பானாலும், நஸ்கு வகையைச் சேர்ந்தவை. மதீனாவின் மன்னர் ஃபஹ்து வளாகம் அச்சிடும் முஸ்ஹஃபைக் கையால் எழுதியவர் சிரியாவில் பிறந்த உஸ்மான் தாஹா. பக்கத்துக்கு 15 வரி, மொத்தம் 604 பக்கம். ஒவ்வொரு பக்கமும் ஒரு வசனத்தின் முடிவிலேயே முடியும். அதைப் புரட்டும்போது எழுத்தின் அழகு நம் கண்ணை நிறுத்துவதில்லை, ஓதுதலை நோக்கித் தள்ளிவிடுகிறது. எங்களைக் கேட்டால் அதுவே பெரிய கலை என்போம்.

பள்ளிவாசல் மிஹ்ராபுக்கு மேலும் குப்பாவின் உட்புறத்திலும் நாம் காணும் உயரமான கம்பீர எழுத்து துலுது. சவூதி கொடியில் கலிமா எழுதப்பட்டிருப்பது இந்த வகையில்தான். அந்தக் கொடியை எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் கலிமா வலமிருந்து இடமாகச் சரியாகத் தெரியவேண்டும் என்பதற்காக, ஒரே மாதிரியான இரண்டு துணிகளை முதுகோடு முதுகு சேர்த்துத் தைக்கிறார்கள். துணி இரட்டிப்பானாலும் சரி, கலிமா தலைகீழாகத் தெரியக் கூடாது என்ற அக்கறை அது. உர்தூவுக்கு நஸ்தஅலீக். அன்றாடக் கையெழுத்துக்கு ருக்ஆ.

நஸ்கு, துலுது போன்ற எழுத்துகளுக்கு அளவு வகுத்தவராகச் சொல்லப்படுபவர் பக்தாதில் அப்பாசிய கலீஃபாக்களிடம் வஸீராக இருந்த இப்னு முக்லா. பேனாவின் நுனி பதிக்கும் ஒரு புள்ளியை அளவுகோலாக வைத்து, அலிஃபின் உயரம் இத்தனை புள்ளி, மற்ற எழுத்துகள் அதற்கு இத்தனை பங்கு என்று கணக்கிட்டார். அரசியல் சூழ்ச்சியில் வலது கை வெட்டப்பட்டு, 940ல் சிறையில் மரணமடைந்தார். ஆயிரம் ஆண்டு கடந்தும் கத்தாத்துகள் அந்தப் புள்ளிக் கணக்கையே பயில்கிறார்கள். அரபி எழுத்துக்கலையை 2021ல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

அப்படியானால் திவானியைத் தொடவே கூடாதா என்றால், தாராளமாகத் தொடலாம். ஒரே ஒரு பெயர், பெரிதாக, தனியாக நிற்கும் இடம் அதற்கு உரியது. அல்ஜஸீரா தொலைக்காட்சியின் சின்னத்தைப் பாருங்கள். அதன் பெயரே நீர்த்துளி வடிவில் சுருண்டு நிற்கிறது. அரபி எழுத்துக்கூட்டத் தெரியாதவரும் அதை ஓர் உருவமாக அடையாளம் கண்டுகொள்வார். கடைப்பெயர், மணமக்களின் பெயர், ஒரு மதரஸாவின் முத்திரை இவற்றுக்கெல்லாம் அப்படிப்பட்ட எழுத்து பொருந்தும். பக்கத்திலேயே அதே பெயரைத் தமிழில் தெளிவாக எழுதிவிட்டால் யாருக்கும் சிரமமில்லை. வசனம், துஆ, முகவரி, தேதி, தொலைபேசி எண் இவற்றுக்கு அது கூடாது.

கணினியில் உடையும் அரபி

நாங்கள் செய்தது ஒரு புள்ளிப் பிழை. அதைவிட அடிக்கடி நடப்பது இன்னொன்று. அரபியில் ஓர் எழுத்து சொல்லின் முதலில், நடுவில், கடைசியில், தனியாக என்று நான்கு இடத்தில் நான்கு வடிவம் எடுக்கும். நாம் விசைப்பலகையில் எழுத்தை மட்டுமே தட்டுகிறோம். எந்த வடிவம் வரவேண்டும் என்று முடிவு செய்வது மென்பொருளின் வேலை. பழைய டிசைன் மென்பொருள்கள் பலவற்றுக்கு இது தெரியாது. போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில்கூட மத்திய கிழக்கு மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்தால்தான் சரியாக வரும். இல்லாவிட்டால் எழுத்துகள் தனித்தனியாக உடைந்து, வரிசையும் இடமிருந்து வலமாகத் திரும்பிவிடும். நூன், காஃப், அலிஃப், ஹா என்று நிற்கவேண்டிய நிகாஹ், ஹாவில் தொடங்கி நூனில் முடியும் பொருளற்ற ஒன்றாகிவிடும். ஃப்ளெக்ஸ் போர்டுகளில் பிஸ்மில்லாஹ்வே இப்படித் துண்டு துண்டாகத் தொங்குவதைப் பார்த்திருக்கிறோம். பந்தலுக்குக் கீழே நூறு பேர் நிற்பார்கள், ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

அரபி தெரியாதவரும் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. முஹம்மத் என்ற பெயரில் மீம், ஹா, மீம், தால் என்ற நான்கு எழுத்துகளும் ஒன்றோடொன்று கோத்து ஒரே தொடராக வரவேண்டும். உங்கள் அட்டையில் அந்தப் பெயர் நான்கு துண்டாக நின்றால், மற்ற அரபியும் உடைந்திருக்கிறது என்று பொருள். நம் வீடுகளில் முஹம்மத் என்று பெயரில்லாத அழைப்பிதழ் அபூர்வம் என்பதால், சோதிக்க ஏதாவது ஒரு பெயர் கிடைத்துவிடும்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. குர்ஆன் எழுத்தில் சின்ன அலிஃப், மத்து, வஸ்ல் போன்ற நுண்குறிகள் பல உண்டு. அலங்கார எழுத்துருக்கள் பலவற்றில் அவை இருக்காது. அந்த இடத்தில் குறி காணாமல் போகும், அல்லது கட்டம் கட்டமாக வரும், அல்லது வேறோர் எழுத்துருவின் குறி வந்து ஒட்டிக்கொள்ளும். கடைக்காரரின் கணினியில் சரியாகத் தெரிந்த பக்கம் அச்சகத்தின் கணினியில் வேறாகத் தெரிவதும் உண்டு. அதைத் தவிர்க்க எழுத்தை வடிவமாக மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். கடைகளில் இதை 'கன்வெர்ட் டூ கர்வ்' என்பார்கள். மாற்றிய பிறகு திருத்த முடியாது. ஆகவே ஓதிப் பார்ப்பது அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

எழுத்தை இயந்திரத்துக்குப் பழக்குவது எவ்வளவு கடினம் என்பதற்கு உர்தூவே சாட்சி. நஸ்தஅலீக் சாய்ந்து சரிந்து இறங்கும் எழுத்து என்பதால், மற்ற மொழிகள் அச்சுக்கோத்த காலத்திலும் உர்தூ நாளிதழ்களைக் காதிப்கள் கையால்தான் எழுதினார்கள். பாகிஸ்தானின் அஹ்மத் மிர்ஸா ஜமீல் பல ஆயிரம் இணைப்பு வடிவங்களை ஒவ்வொன்றாகக் கையால் எழுதி உருவாக்கிய 'நூரி நஸ்தஅலீக்', 1981ல் ஜங்க் நாளிதழில் பயன்பாட்டுக்கு வந்த பிறகே கணினி உர்தூ பரவியது. நம் சென்னைத் திருவல்லிக்கேணியிலோ, 1927ல் தொடங்கிய 'முஸல்மான்' உர்தூ நாளிதழ், கணினி வந்த பின்னும் பல்லாண்டு காலம் காதிப்களின் கையெழுத்திலேயே வெளிவந்தது. முதல் பக்கத்தில் கடைசி நேரச் செய்திக்காக ஒரு மூலையைக் காலியாக வைத்திருப்பார்கள். செய்தி வராத அன்று அதை நிரப்புவது பெரிய பாடு என்று சொல்வார்கள்.

நம் முன்னோரின் அரபுத்தமிழ் நூல்களையும் இங்கே நினைக்க வேண்டும். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் எழுதிய நூல்களைப் படித்தவர்களில் வீட்டுப் பெண்கள் நிறைய. அந்தக் கல்லச்சு ஏடுகளைப் பாருங்கள். தமிழிலுள்ள, அரபியில் இல்லாத ஒலிகளுக்காகப் பழைய எழுத்துகளில் கூடுதல் புள்ளிகளும் குறிகளும் இட்டு, ஜபர், ஜேர், பேஷ் தவறாமல் போட்டு எழுதியிருப்பார்கள். அந்த எழுத்தில் கூடுதல் புள்ளி விழுந்ததெல்லாம் படிப்பவருக்கு உதவத்தான். எங்கள் மூத்தம்மா ஒருவர் தமிழ் எழுத்து தெரியாமல் அரபுத்தமிழ் மட்டும் கற்று, தொண்ணூறு வயதுவரை கண்ணாடி இல்லாமல் மாலைகளைப் படித்து வந்தார்.

தமிழும் எண்களும்

அரபியில் மட்டும்தான் இந்தத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் ஜனாஸா வண்டிக்குப் புதிதாகப் பெயர் எழுதியபோது, கையெழுத்து போன்ற நளினமான ஓர் எழுத்துருவை நாங்கள்தான் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்தோம். எண்களும் அதே எழுத்துருவில். ஒன்றுக்குத் தலையில் ஒரு நீண்ட கொக்கி, ஏழுக்கும் அதே கொக்கி. ஓர் இரவு ஒரு சகோதரி, தன் கணவர் மவுத்தானபின், தெருமுனையில் நின்றிருந்த வண்டியைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு அழைத்திருக்கிறார். மூன்று முறையும் யாரோ ஒருவர் தூக்கத்தில் எடுத்துத் திட்டியிருக்கிறார். கடைசியில் பக்கத்து வீட்டுப் பையன் ஓடிவந்து எங்களை எழுப்பினான். மறுநாள் ளுஹருக்குப் பின் மையவாடியிலிருந்து திரும்பியதும் அந்த எண்ணைச் சுரண்டியெடுத்து, கறுப்பில் தடித்த சாதாரண எழுத்தில் ஒட்டினோம்.

கையெழுத்து பாணி எழுத்துருவை நீண்ட வாசகத்துக்கும் சிறிய அளவுக்கும் பயன்படுத்தாதீர்கள். ஆங்கிலத்தில் பெயரை முழுவதும் பெரிய எழுத்தில் அந்தப் பாணியில் போடவே கூடாது. அந்தப் பெரிய எழுத்துகள் சொல்லின் முதலில் மட்டும் வருவதற்காக வரையப்பட்டவை, வரிசையாக நின்றால் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். தமிழில் ன, ண, ள வேறுபாடும் புள்ளியும் தெளிவாகத் தெரிகிறதா என்று நாலடி தள்ளி நின்று பாருங்கள். பெரியவர் ஒருவரிடம் படிக்கக் கொடுப்பது இன்னும் நல்லது.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. எழுத்துரு ஒருவருடைய மாதக்கணக்கான உழைப்பு. 'தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்' என்று போட்டிருப்பதை எடுத்துக் கடைப் பலகைக்கும் விளம்பரத்துக்கும் பயன்படுத்துவதும், திருட்டுப் பிரதியை வைத்து வேலை செய்வதும் அடியார்களின் ஹக்கில் கைவைப்பதாகும். அறக்கட்டளைகளுக்கும் விலக்கில்லை. நிய்யத் நல்லதாக இருப்பதால் பிறர் பொருள் நமதாகிவிடாது. திறந்த உரிமத்தில் யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று வெளியிடப்பட்ட தரமானவை நிறைய உள்ளன. கெய்ரோவின் பூலாக் அச்சகத்தில் 1905ல் உருவான நஸ்கு அச்செழுத்தை ஆதாரமாகக் கொண்டு காலித் ஹுஸ்னி செய்த 'அமீரி' வசனங்களுக்கு ஏற்றது. ருக்ஆ பாணியில் 'ஆரிஃப் ருக்ஆ' இருக்கிறது. தமிழில் கையெழுத்துச் சாயல் வேண்டுவோருக்கு, இலங்கையின் தாரிக் அஸீஸ் வடிவமைத்த 'கவிவனார்' இருக்கிறது. இவற்றைக் காசில்லாமல், மனச்சங்கடமும் இல்லாமல் பயன்படுத்தலாம்.

இறுதியாக, அழைப்பிதழில் வசனம் தேவையா என்ற கேள்வி. வலீமா முடிந்த மறுநாள் அந்த அட்டைகள் எங்கே கிடக்கின்றன என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இதனால்தான் ஆலிம்கள் பலர் அட்டையில் வசனம் வேண்டாம் என்கிறார்கள். (786 எண் போடும் பழக்கம் பற்றிய பேச்சுக்குள் நாம் இங்கே போகவில்லை, அதை ஹஜ்ரத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள்.) நம் அறக்கட்டளையின் அடுத்த அழைப்பிதழில் அரபி வசனம் இருக்காது. மணமக்களுக்கான துஆவின் கருத்தைத் தமிழில் தருவோம். மணமக்களின் பெயர் மட்டும் திவானியில் வரும். ஹஜ்ரத் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே அச்சுக்குப் போகும்.

நம் மஹல்லா குடும்பங்கள் அரபி உள்ள அழைப்பிதழோ பலகையோ அச்சிடுவதாக இருந்தால், புரூஃப் தாளை அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் மதரஸாவுக்குக் கொண்டுவாருங்கள். ஹஜ்ரத் ஓதிப் பார்த்துச் சொல்வார், கட்டணம் இல்லை. கைப்பேசியில் படம் அனுப்பினால் புள்ளிகள் மங்கிவிடுகின்றன, அச்சிட்ட தாளாகவே வேண்டும். வசனம் உள்ள பழைய அட்டைகளைப் போட அலுவலக வாசலில் ஒரு மரப்பெட்டி வைத்திருக்கிறோம். எங்களுடைய அந்த 600 அட்டைகளில் 11 இன்னும் திரும்பி வரவில்லை. கரும்பச்சை நிறம், பொன்னிற எழுத்து. யார் வீட்டு அலமாரியிலாவது இருந்தால் அந்தப் பெட்டியில் சேர்த்துவிடுங்கள்.